அரசுத் தணிக்கை: வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சபைக்குப் போகிறவர்கள், டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகள், ஓய்வு பெறப்போகும் ஊழியர்கள் என்று மூன்று தரப்பும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தணிக்கை என்பது ஆபீஸ்காரர்கள் பாடு என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அதில் எழுதப்படுவது நம் தெரு விளக்கையும் நம் ஊர் ரோட்டையும் பற்றித்தான்.

எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் "ஆடிட் வந்திருக்காங்க" என்றார்கள். யார் வந்தது?

இரண்டு பேரில் ஒருவர். ஒன்று, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் குழு. இதைத்தான் ஏஜி ஆடிட் என்கிறோம். இது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் வருகிறது. அதாவது மாநில அரசைத் தணிக்கை செய்தாலும் மாநில அரசுக்குக் கட்டுப்பட்டதல்ல.

இன்னொன்று, மாநில அரசின் நிதித்துறையின் கீழ் வரும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. பேச்சில் இது லோக்கல் ஃபண்ட் ஆடிட். வேலூர் மாநகராட்சி, குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிகள், பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம் பேரூராட்சிகள், அணைக்கட்டு முதல் கே.வி.குப்பம் வரையிலான ஊராட்சி ஒன்றியங்கள் எல்லாம் இவர்கள் கணக்கில் வரும். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் மாவட்ட நூலக ஆணைக்குழுவும்கூட இவர்கள் பார்ப்பவைதான்.

மாநில அரசிடம் கூட்டுறவுத் தணிக்கை, இந்து சமய அறநிலையத் தணிக்கை என்று தனித்தனிப் பிரிவுகளும் உண்டு. இந்தத் துறைகளுக்கெல்லாம் மேலே இப்போது ஒரு தலைமை இயக்குநர் பதவி இருக்கிறது.

ஏஜி ஆபீஸ் என்றால் பென்ஷன் ஆபீஸ்தானே?

அது பக்கத்துக் கதவு. கணக்காயர் அலுவலகத்தில் இரண்டு பிரிவு. கணக்கு மற்றும் பணிவரவு பார்க்கும் பிரிவுதான் மாநில அரசு ஊழியர்களின் ஓய்வூதிய ஆணையையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கையும் கவனிக்கிறது. தணிக்கைப் பிரிவு வேறு. பென்ஷன் பேப்பர் நிற்கிறது என்று தணிக்கைக் குழுவிடம் போய் மனு கொடுத்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இவர்கள் எந்தச் சட்டத்தை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள்?

ஏஜி ஆடிட்டுக்கு அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கடமை, அதிகாரம் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் ஆதாரம். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவுதான் களத்தில் பயன்படுவது. கணக்கு வைத்திருக்கும் எந்த அரசு அலுவலகத்தையும் ஆய்வு செய்யலாம், எந்தப் புத்தகத்தையும் காகிதத்தையும் வரவழைக்கலாம், பொறுப்பில் இருப்பவரிடம் தேவையான கேள்வி கேட்கலாம், தகவல் வாங்கலாம். அலுவலகத் தலைவர் ஒத்துழைத்தே ஆக வேண்டும்.

ஊராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்ய மாநிலச் சட்டமன்றம் வழி செய்யலாம் என்று 243ஜே பிரிவும், நகராட்சிகளுக்கு 243இசட் பிரிவும் சொல்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கென 2014இல் தனியாக உள்ளாட்சி நிதித் தணிக்கைச் சட்டம் வந்தது. இயக்குநர் ஆண்டுதோறும் தொகுப்பறிக்கை தர வேண்டும், அது சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

பீரோவை உடைத்துத் திறக்கலாமா? கைது செய்யலாமா?

இரண்டும் முடியாது. தணிக்கையாளருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. ஃபைல் தரவில்லை என்றால் "ஆவணம் முன்வைக்கப்படவில்லை" என்று எழுதுவார். கேட்பதற்குச் சாதுவான வரி. ஆனால் அந்த வரி உங்கள் பெயரில் நிலுவையில் நின்றால் அதிலிருந்து வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கையாடல் என்று தெரிந்தால் துறைத் தலைமைக்கும் அரசுக்கும் எழுதுவார்கள். வழக்கு, கைது எல்லாம் அதற்கப்புறம் போலீஸோ லஞ்ச ஒழிப்புத் துறையோ செய்ய வேண்டியவை.

ரோடு போட்டதில் குறை இருந்தால் காகிதத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஊராட்சியில் 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் சிமெண்ட் சாலை போட்டதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 90 கன மீட்டர் கான்கிரீட். இந்த அளவை ஓவர்சியரோ உதவிப் பொறியாளரோ அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். பில்லுக்கு அதுதான் மூலம். தணிக்கையாளர் முதலில் எடுப்பதும் அதைத்தான். அளந்த தேதிக்கும் பில் போட்ட தேதிக்கும் பொருத்தம் இருக்கிறதா, அடித்துத் திருத்திய இடத்தில் கையெழுத்து இருக்கிறதா, மதிப்பீட்டில் உள்ள விலையும் பில்லில் உள்ள விலையும் ஒன்றா, இதே தெருவுக்கு வேறு திட்டத்தின் பெயரில் போன வருஷமும் பணம் எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். கடைசிக் கேள்விதான் பல இடங்களில் உண்மையை வெளியே கொண்டுவரும். ஒரே தெரு, இரண்டு எம்-புக், இரண்டு நிதித் தலைப்பு.

காகிதத்தில் சந்தேகம் வந்தால் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கூட்டாய்வு செய்யலாம். டேப்பை வைத்தால் அகலம் 2.7 மீட்டர்தான் வருகிறது என்றால் கான்கிரீட் 81 கன மீட்டர். மீதி 9 கன மீட்டருக்குக் கொடுத்த பணம் அதிகப்படியான பட்டுவாடா. அளந்த எண்களைத் தாளில் எழுதி, வந்திருக்கும் அலுவலர் கையெழுத்தையும் அங்கேயே வாங்கிவிடுவார்கள். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பிறகு "நாங்கள் அளந்தபோது சரியாக இருந்தது" என்று பதில் வரும்.

2022இல் வேலூரில் ஒரு தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதோடு சேர்த்துச் சாலை போட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். அது கண்ணுக்குத் தெரிந்த குறை, படம் எடுத்தவுடன் நடவடிக்கை வந்தது. அகலத்தில் 30 சென்டிமீட்டர் குறைந்தால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். அதைப் பார்க்க டேப்போடு ஒரு ஆள் வேண்டும்.

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணத்துக்கும் இதே கதைதான். கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டை ரசீதுப் புத்தகத்தோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிடுவார்கள். வசூல் செய்த தேதிக்கும் வங்கியில் கட்டிய தேதிக்கும் நடுவே இரண்டு மாதம் இடைவெளி என்றால் அந்தப் பணம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அரைப்பக்கக் குறிப்பு, பாரா என்றெல்லாம் சொல்கிறார்களே?

தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, ஒரு பாதியில் தணிக்கையாளர் கேள்வியை எழுதித் தருவார். மறு பாதியில் அலுவலகம் பதில் எழுத வேண்டும். பதில் சரியாக இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள கண்காணிப்பாளர்கள் குழு கிளம்புவதற்கு முன்பே பதிலையும் வவுச்சரையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

முடியாதவை அறிக்கையில் பத்திகளாக ஏறும். அதுதான் பாரா, அல்லது தணிக்கைத் தடை. ஏஜி ஆய்வறிக்கைக்கு நான்கு வாரத்தில் முதல் பதில் போக வேண்டும். நடப்பில் வருஷக்கணக்கில் இழுக்கிறது. பழைய பாராக்களைத் தீர்க்கக் கூட்டு அமர்வு போடுவார்கள். துறை அலுவலரும் தணிக்கை அலுவலரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பணத்தை வசூலித்துக் கட்டிய சலான், விடுபட்ட ஆவணம், மேலதிகாரி பிறகு கொடுத்த ஒப்புதல் (பின்னேற்பு), இப்படி எதையாவது காட்டினால்தான் பாரா நீங்கும். "இனிமேல் இப்படி நடக்காது" என்ற பதிலுக்கு நீங்காது.

நஷ்டத்தை யார் தலையில் கட்டுவார்கள்?

சட்டத்துக்குப் புறம்பாகச் செலவு செய்தவர், கவனக்குறைவால் இழப்பு உண்டாக்கியவர் மீது தண்டத் தீர்வை விதிக்க, அதாவது இழப்பை அவரிடமே வசூலிக்க, வழி இருக்கிறது. முதலில் விளக்கம் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆணை. கிராம ஊராட்சியில் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். "தலைவர் சொன்னார், போட்டேன்" என்று துணைத்தலைவர் தப்பிக்க முடியாது. புதிதாகப் பதவிக்கு வருகிற பெண் துணைத்தலைவர்களிடம் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த செக் புத்தகத்தில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அவர்களை யாரும் எச்சரிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அரசு ஊழியர் என்றால் ஓய்வு பெறும்போது தெரியும். தன் பெயரில் தணிக்கைத் தடை எதுவும் இல்லை என்ற சான்றுக்காகப் பழைய ஒன்றியங்களுக்கெல்லாம் அலைவார்கள். பணியிடம் மாறும்போதே பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டால் இந்த அலைச்சல் பாதி குறையும்.

எங்கள் ஊராட்சியின் பழைய கணக்கைக் கேட்டால் "அப்போது நான் தலைவர் இல்லை" என்கிறார். சரிதானா?

வேலூர் மாவட்டத்தில் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2016 அக்டோபருக்குப் பிறகு தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் ஊராட்சியை நடத்தினார்கள். மற்ற மாவட்டங்களில் 2019 கடைசியில் தேர்தல் வந்தது. மாவட்டப் பிரிப்பால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் வந்தது. அதனால் அறிக்கையில் முதலில் எந்த நிதியாண்டு என்று பாருங்கள். நடுவில் இருந்த ஐந்து ஆண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அன்றைய அலுவலர்.

இன்னொன்று. 2019 நவம்பர் 28க்கு முந்தைய அறிக்கைகளில் வாலாஜா, ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாமே வேலூர் மாவட்டம் என்றுதான் இருக்கும்.

கூட்டுறவு சங்கம், கோயில் கணக்கு?

கூட்டுறவு சங்கங்களுக்கு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். நகைக்கடனிலோ உர விற்பனையிலோ தவறு என்று தெரிந்தால் 81ஆம் பிரிவில் விசாரணை, 87ஆம் பிரிவில் தண்டத் தீர்வை. தவறு நடந்து ஏழு ஆண்டு தாண்டினால் 87இல் நடவடிக்கையைத் தொடங்க முடியாது. உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய கெடு இது. கோயிலுக்கு 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம்.

அரசு பஸ், காட்பாடி வெடிமருந்துத் தொழிற்சாலை?

அவை அரசு நிறுவனங்கள், சட்டப்படி கம்பெனிகள். பட்டயக் கணக்கரைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நியமிப்பார். பட்டயக் கணக்கரின் அறிக்கை வந்த 60 நாளுக்குள் துணைத் தணிக்கை செய்யவும் கருத்து எழுதவும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு அதிகாரம் உண்டு.

அரசு மானியம் வாங்கும் டிரஸ்ட்டை இவர்கள் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஒரு நிதியாண்டில் அரசு கொடுத்த மானியமும் கடனும் 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், அந்த அமைப்பின் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் மேலே சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஏஜி தணிக்கை செய்யலாம்.

ஜமாபந்தியும் ஆடிட்தானா?

ஒரு வகையில் ஆமாம். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு போன்ற கிராமக் கணக்குகளைப் பசலி ஆண்டு முடிவதற்குள் தாலுகா அலுவலகத்தில் வைத்துச் சரிபார்ப்பதுதான் வருவாய்த் தீர்வாயம். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் கணக்கு அது. அன்றைக்குப் பட்டா மனுவும் முதியோர் உதவித்தொகை மனுவும் கொடுக்கக் கூட்டம் நிற்பதால் கணக்குச் சரிபார்ப்பு என்ற முதல் வேலை மறந்துபோகிறது.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் ஏன் பல வருஷத்து ஆடிட் பாக்கி நிற்கிறது?

ஆள் போதவில்லை. ஏஜி களக்குழு என்பது பெரும்பாலும் இரண்டு உதவித் தணிக்கை அலுவலர்கள், ஒரு ஆடிட்டர், மேற்பார்வைக்கு ஒரு தணிக்கை அலுவலர், அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்து, குறிப்பிட்ட சில நாளில் ஓர் அலுவலகத்தை முடித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அதனால் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை. ஆபத்து அதிகமுள்ள மாதங்களையும் தலைப்புகளையும் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார்கள். உள்ளாட்சித் தணிக்கையில் நிறுவனங்களின் எண்ணிக்கை இன்னும் அதிகம், கையில் இருக்கும் ஆய்வாளர்கள் குறைவு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுச் சட்டமோ புது அதிகாரமோ இப்போது முதல் தேவை இல்லை. இருக்கிற காலியிடங்களை நிரப்புவதும், நிரப்பியவர்களை வேறு வேலைக்கு இழுக்காமல் இருப்பதும்தான் தேவை. மூன்று வருஷம் கழித்து வரும் தணிக்கையில் ஒப்பந்ததாரர் ஊரில் இருக்க மாட்டார், பொறியாளர் மாறியிருப்பார், ரோடும் தேய்ந்திருக்கும். எழுதிய பாரா சரியாகவே இருந்தாலும் பணம் திரும்பாது.

இந்த வேலையில் சேர என்ன வழி?

லோக்கல் ஃபண்ட் ஆடிட்டில் உதவி ஆய்வாளர், அறநிலையத் தணிக்கையில் தணிக்கை ஆய்வாளர் ஆகிய பதவிகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 வழியாக. பட்டம் வேண்டும், தமிழ்த் தகுதித் தாளில் தேற வேண்டும். சேர்ந்தபின் துறைத் தேர்வுகள் உண்டு, அதில் அக்கவுண்ட் டெஸ்ட் முக்கியம். மே, டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். அதை முடிக்காமல் பதவி உயர்வை எதிர்பார்க்க முடியாது.

ஏஜி ஆபீஸுக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வு. ஆடிட்டர் என்றால் சம்பள நிலை 5, அடிப்படை 29,200 ரூபாயில் தொடங்கும். உதவித் தணிக்கை அலுவலர் நிலை 8, 47,600 ரூபாயில் தொடங்கும். பின்னதற்கு முன்பு நிதி, பொருளாதாரம் என்று கூடுதல் தாள் இருந்தது. யுபிஎஸ்சி வழியாக இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணிக்கு வருகிறவர்கள்தான் பின்னாளில் கணக்காயர் ஆகிறார்கள். பி.காம். படித்தவர்கள்தான் சேர முடியும் என்ற எண்ணம் வேலூர் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. அது தவறு, எந்தப் பட்டமும் போதும்.

சுற்றுப்பயணம் அதிகமுள்ள வேலை, அதை யோசித்துச் சேருங்கள். ஊர் ஊராகப் போய் லாட்ஜில் தங்கி, தன் வருகையை விரும்பாத அலுவலகத்தில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்து, சாதுவாக ஆனால் விடாமல் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

பிடிக்காத அறிக்கை வந்தால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை அரசு மாற்றிவிடாதா?

சுலபமில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவரை நீக்க முடியும். பதவிக்காலம் ஆறு ஆண்டு அல்லது 65 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளில் வேறு பதவி ஏற்க முடியாது. மாநிலக் கணக்கு பற்றிய அறிக்கை ஆளுநருக்குப் போய், சட்டமன்றத்தில் வைக்கப்படும். பிறகு பொதுக் கணக்குக் குழுவோ பொது நிறுவனங்கள் குழுவோ எடுத்து, துறைச் செயலாளரை அழைத்து விசாரிக்கும்.

லோக்கல் ஃபண்ட் ஆடிட்டுக்கு இந்த அளவு பாதுகாப்பு இல்லை. ஒரே அரசின் ஒரு துறை இன்னொரு துறையைப் பார்க்கிறது. அந்த நிலையிலும் நேர்மையாக எழுதுகிற ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன்.

எங்கள் ஊர் அறிக்கையை நான் படிக்க முடியுமா?

முடியும். கிராம சபைக் கூட்டப் பொருளில் தணிக்கை அறிக்கையும் வருகிறது. வரவு செலவு விவரம் படிவம் 30இல் பலகையில் இருக்க வேண்டும். "தணிக்கை அறிக்கை படிக்கப்பட்டது" என்று தீர்மானத்தில் எழுதிவிட்டு யாரும் படிக்காமல் போவது நடக்கிறது. எழுந்து, ஒவ்வொரு பாராவுக்கும் என்ன பதில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள்.

இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். "எல்லாத் தணிக்கை ஆவணமும்" என்று கேட்காமல், எந்த ஊராட்சி, எந்த நிதியாண்டு, நிலுவைப் பாராக்களும் அவற்றுக்கான பதில்களும் என்று குறிப்பாகக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். சட்டமன்றத்தில் வைக்கப்படாத அறிக்கையைக் கேட்டால் சட்டமன்ற உரிமை மீறல் என்ற காரணம் சொல்லி மறுக்கலாம். வைத்தபின் இணையதளத்திலேயே கிடைக்கும்.

தணிக்கைக் குழுவிடம் நானே தகவல் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஏஜி ஆபீஸுக்குச் சென்னை முகவரிக்கும், உள்ளாட்சிக் கணக்கு என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கை உதவி இயக்குநருக்கும் எழுதலாம். 100 நாள் வேலை என்றால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 17ஆம் பிரிவில் கொண்டுவந்த சமூகத் தணிக்கையில், ஊர் முன்னாலேயே சொல்ல வழி வைத்தார்கள்.

"ஊழல் நடக்கிறது" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதையும் எடுத்துப் பார்க்க முடியாது. தெருப் பெயர், வேலையின் பெயர் பலகையில் உள்ள மதிப்பீட்டுத் தொகை, வேலை நடந்த மாதம், நீங்கள் அளந்த நீள அகலம், தேதியோடு எடுத்த இரண்டு படம், இவை இருந்தால் ஒரு பக்கம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.